காத்தான் கூத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொழும்பு மண்டபத்தில் ஏற்றுவது எப்படி?

வெள்ளவத்தைத் தம்பி:
காத்தவராயன் சிந்துநடைக் கூத்தைக் கொழும்பில் மேடையேற்ற ஆயத்தம் நடக்கிறது. முத்துமாரி அம்மனின் மகன் காத்தான் ஆரியமாலையை விரும்பி, அதுக்குத் தண்டனையாகக் கழுமரம் ஏறுகிற கதை. பாட்டும் வசனமும் உள்ள கொப்பி யாழ்ப்பாணத்துக் கொப்பி, முழு இரவுக்கும் உரியது. மண்டபம் பின்னேரம் 3 மணிக்குக் கையில் கிடைக்கும். 6 மணிக்குத் தொடங்கி, சாமான் எல்லாம் ஏற்றி 10 மணிக்கு வெளியே நிற்கவேணும். மேடை 30 அடி அகலம், 20 அடி ஆழம். மேலே லைற் தொங்கும் குழாய் 14 அடி உயரத்தில். நடிகரும் பக்கவாத்தியமும் சேர்த்து 16 பேர், அதில் பாதிப் பேர் கூத்துக்குப் புதிது.
எதை வெட்டுவது, எந்தச் சுருதியில் பாடுவது, கழுவை எப்படிச் செய்வது, மைக் எப்படி? விசயம் தெரிந்த அண்ணைமார், அக்காமார் சொல்லுங்கோ.

சல்லாரி:
தம்பி, கதையை வெட்ட முதல் திருப்பிப் பாடுகிறதை எண்ணிப் பாருங்கோ. நேரம் போவது கதையால் இல்லை, திருப்பலால்.
கணக்கு இதுதான். ஆதி தாளம், நிமிசத்துக்கு 80 தட்டு. ஓர் ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு சுற்று, 8 தட்டு, அதாவது 6 விநாடி. சிந்துப் பாட்டின் ஓர் அடிக்கு (வரிக்கு) இரண்டு ஆவர்த்தனம் என்றால் 12 விநாடி. கூத்தாடி இரண்டு தரம் பாட, பிற்பாட்டுக்காரர் இரண்டு தரம் வாங்கிப் பாட, ஓர் அடிக்கு 48 விநாடி. நாலு அடிப் பாட்டு 3 நிமிசம் 12 விநாடி. அதன் பிறகு அதே சங்கதியை வசனமாகத் திரும்பச் சொன்னால் இன்னொரு நிமிசம். ஒரு பாட்டுக்கு நாலு நிமிசத்துக்கு மேல்.
கூத்தாடி ஒரு தரம், பிற்பாட்டு ஒரு தரம் என்று வைத்தால் அதே பாட்டு 96 விநாடியில் முடியும். வசனத்தில் பாட்டில் சொன்னதை விட்டுவிட்டு, அடுத்த பாட்டுக்கு வழிவிடும் ஒரு வரியை மட்டும் வையுங்கோ.
120 நிமிசத்தில் இடைவேளை 10, முக்கியமானவர்களின் வரவு 10, வசனம் 20, கழுவேற்றம் 20 போக மிச்சம் 60 நிமிசம். அதுக்குள் 35 பாட்டு அடங்கும். கொப்பியை எடுத்து 35 பாட்டைத் தெரிவு செய்யுங்கோ. காட்சியாகப் பார்த்து வெட்டப் போனால் ஒவ்வொருவரும் தன் காட்சிக்காகச் சண்டை பிடிப்பார். பாட்டு எண்ணிக்கையாகக் கொடுத்தால் சண்டை குறையும்.

ஐந்துகட்டை:
சல்லாரி அண்ணையின் கணக்கு சரி. ஆனால் திருப்பலை முழுக்க எடுத்துப்போடக் கூடாது. பிற்பாட்டு வாங்கிப் பாடுகிற நேரம்தான் ஆடுகிறவர் மூச்சு வாங்குகிற நேரம். துள்ளு நடையில் ஆடிக்கொண்டு நாலு அடியையும் ஒரே மூச்சாகப் பாடினால் மூன்றாம் அடியில் சுருதி இறங்கும். நாலாம் அடியில் சொல் விழுங்கப்படும். முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் பிற்பாட்டை வைத்து, நடு இரண்டு அடிக்கும் எடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் அண்ணை சொன்ன 96 விநாடியும் 72 ஆகக் குறையும். மிஞ்சுகிற நேரத்தில் தாய்க்கும் மகனுக்கும் நடக்கிற தர்க்கப் பாட்டுகளுக்கு முழுத் திருப்பலும் கொடுங்கோ. கூத்தின் உயிர் அங்கேதான் இருக்கு.
இன்னொரு பிழை பலர் விடுகிறது: நேரம் மிச்சம் பிடிக்க வேகத்தை 80இலிருந்து 100க்கு ஏற்றுவது. சிந்தில் எதுகைச் சொல் காதில் விழுந்தால்தான் அடுத்த அடியைச் சனம் எதிர்பார்க்கும். 100இல் எதுகை கரைந்துபோய் வெறும் தாளம்தான் மிஞ்சும்.

வெள்ளவத்தைத் தம்பி:
நன்றி. எந்தக் கட்டங்களை விடலாம்? காத்தான் மாறுவேடம் போட்டுப் போகிற கட்டங்கள் மட்டும் கொப்பியில் மூன்றில் ஒரு பங்கு.

சல்லாரி:
அதில் ஒரு வேடத்தை மட்டும் முழுதாக வையுங்கோ, மற்றதை எல்லாம் எடுத்துரைஞர் இரண்டு வரியில் சொல்லட்டும். விடிய விடியக் கூத்தில் வேடங்கள் பல இருப்பதுக்குக் காரணம் உண்டு. நடுச்சாமத்தில் சனம் தூங்காமல் இருக்கவேணும், அதோடு ஊரில் பலருக்குப் பாகம் கொடுக்கவேணும். மண்டபத்தில் இந்த இரண்டு தேவையும் இல்லை.
பகிடிப் பாகமான டாப்பர் மாமாவை வெட்ட வேண்டாம். பகிடிக்காக மட்டும் இல்லை. காத்தான் உடுப்பு மாற்ற 4 நிமிசம் தேவைப்படும், அதை நிரப்புகிற ஆள் அவர்தான். அவரின் பகிடியை 6 நிமிசமாக எழுதி வைத்து, பின்னுக்கிருந்து கை காட்டினால் 4இலேயே முடிக்கப் பழக்குங்கோ. எழுதாமல் விட்டால் 15 நிமிசம் போகும். கைதட்டல் விழுந்தால் 20.

மட்டுநகர் மத்தளம்:
எடுத்துரைஞர் பற்றி ஒரு சொல். சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஏறியது. 'நாடகம' என்கிற சிங்களப் பாட்டுக்கூத்தும் முதலில் பல இரவுக் கூத்துத்தான். மத்தளமும் மெட்டும் தமிழ்க் கூத்திலிருந்து போனவை. பாட்டும் தாளமும் மரபில் வந்த சார்ல்ஸ் சில்வா குருன்னான்சேயிடமிருந்து. சரச்சந்திர அதை ஒரு மாலைப் பொழுதுக்குள் அடக்கினபோது எடுத்துரைஞரான பொத்தே குருவை எறியவில்லை, கதையின் தையலாக அவரையே பாவித்தார். கொழும்பில் கூத்து வெட்டுகிற எவரும் 'மனமே'யை ஒருக்கால் கடிகாரத்தோடு இருந்து பார்க்கவேணும். எந்த இடத்தில் குரு வருகிறார், எத்தனை விநாடி நிற்கிறார் என்று குறித்தாலே பாதி வேலை முடிஞ்சுது.
தமிழில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்' என்று செய்ததும் இதே வேலைதான். அங்கே சந்தித்த சிக்கல் உங்களுக்கும் வரும். சனம் சுற்றியிருக்கிற வட்டக்களரியில் ஆடுகிறவன் நாலு பக்கமும் திரும்புவான். ஒரு பக்கம் மட்டும் சனம் இருக்கிற மேடையில் முழு வட்டம் போட்டால் பாதி நேரம் முதுகுதான் தெரியும். முழு வட்டத்தை அரை வட்டமாக மாற்றி, போகும்போது ஆட்டம், திரும்பும்போது பாட்டு என்று பிரியுங்கோ. 20 அடி ஆழத்தில் பக்கவாத்தியத்துக்கு 5 அடி போனால் மிச்சம் 15. அதில் ஒரே நேரம் நாலு பேருக்கு மேல் ஆடினால் முட்டுப்படும்.
ஒரு கெஞ்சல்: புதுப் பொடியன்களுக்கு ஆட்டம் அழகாக இருக்கட்டும் என்று எங்கட பக்கத்து வடமோடிக் கூத்தின் தாளக்கட்டைக் கொண்டுவந்து காத்தானில் ஒட்டாதீங்க. சிந்துநடைக் கூத்தின் காலடி எளிது. பாட்டைத் தாங்கத்தான் அந்தக் காலடி. வடமோடி ஆட்டம் பாட்டை நிறுத்திவிட்டு ஆடுகிற ஆட்டம். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

மாரியம்மன் வீதி:
எல்லோரும் நிமிசக் கணக்குப் போடுகிறீர்கள். காத்தான் கூத்து அம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவது. கழுவேறுகிறவர் காப்புக் கட்டி விரதம் இருந்து, விடியப்புறத்தில் ஏறுவார். ஏசி மண்டபத்தில் இரவு எட்டு மணிக்குக் கழு ஏற்றினால் அதுக்கு என்ன பெயர்? கழுவை விட்டுவிட்டு மற்றதை ஆடுங்கோ என்பதே என் அபிப்பிராயம்.

ஐந்துகட்டை:
வீதி ஐயா, கழுவை விட்டால் காத்தான் கதையே இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. கோயில் வீதியில் நடப்பது சடங்கு, மண்டபத்தில் நடப்பது அரங்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று தடுமாறினால்தான் பிழை. மண்டபத்தில் உண்மையான கும்பம், காப்பு, தீச்சட்டி ஒன்றும் வைக்க வேண்டாம். அம்மன் பாகம் எடுப்பவரிடம் வேப்பிலை இருக்கட்டும், அது வேடத்தின் அடையாளம். உரு (சாமி) வருகிற மாதிரி நடிக்கச் சொல்லவே வேண்டாம். உடுக்கை வேகம் ஏறினால் சபையில் யாருக்காவது உண்மையிலேயே வரக்கூடும், கதிரை வரிசைக்கு நடுவில் அதைச் சமாளிக்க ஏலாது. கழுக் கட்டத்தில் உடுக்கைத் தனியாக 30 விநாடிக்கு மேல் விடாமல் மிருதங்கத்தோடு சேர்த்து வைத்தால் அந்த வேகம் அடங்கும்.

மாரியம்மன் வீதி:
அப்படி என்றால் சரி. ஒன்று மட்டும்: கழுவில் ஏறுபவர் அன்றைக்கு மச்ச மாமிசம் சாப்பிடாமல் இருக்கட்டும். யாரும் கேட்கப்போவதில்லை. பார்க்க வருகிற வயதானவர்கள் பின்கதவால் வந்து கேட்பார்கள், அப்போது பதில் இருக்கவேணும்.

வெள்ளவத்தைத் தம்பி:
அது செய்யலாம் ஐயா. சுருதி விசயம்? காத்தானை மூன்று பேர் பிரித்து எடுக்கிறார்கள். முதலாமவன் 12 வயதுப் பொடியன். முத்துமாரி, ஆரியமாலை இருவரும் பெண்கள்.

ஐந்துகட்டை:
மூன்று காத்தான் வைப்பது நல்லது. முன், நடு, பின் என்றோ ஆதி, நடு என்றோ ஊருக்கு ஊர் பெயர் மாறும். தொண்டை தாங்கவேணும் என்பதே இந்தப் பிரிப்பின் நடைமுறைக் காரணம்.
மைக் இல்லாத காலத்தில் ஆம்பிளையள் நாலு, ஐந்து கட்டையில் (கட்டை கூடக்கூடச் சுருதி உயரும்) பாடினது வீதிக் கடைசிக்கும் கேட்கவேணும் என்பதுக்காக. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. பழகாத தொண்டை ஐந்து கட்டையில் ஒரு மணித்தியாலம் நின்றால் மறுநாள் பேச்சு வராது. பெண்களையும் பொடியனையும் 5 கட்டையில் விடுங்கோ, வளர்ந்த இரண்டு காத்தானையும் 2 கட்டையில். ஏன் சரியாக 2? 2 கட்டைக்காரரின் மத்திமம்தான் 5 கட்டையின் ஆதார சட்ஜம். தாய் பாடி முடிய மகன் தொடங்குகிற இடத்தில் ஆர்மோனியம் அந்த ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், தாய்க்கு அது சட்ஜம், மகனுக்கு மத்திமம். சுருதி மாறினது சபைக்குத் தெரியாது. ஆம்பிளையளை 3 கட்டையில் வைத்தால் இந்தப் பாலம் கிடைக்காது, ஒவ்வொரு மாற்றத்திலும் கீறல் விழும்.
மிருதங்கம் இரண்டு வேணும். 5 கட்டைக்குக் கட்டையான மிருதங்கம், 22 அங்குலம் அளவில். 2 கட்டைக்கு நீளமானது, 24 அங்குலம். ஒன்றையே தட்டித் தட்டி ஏற்றி இறக்கினால் வார் தளரும், நேரமும் போகும்.
கொழும்புக்கு உரிய வில்லங்கம் ஒன்று: வெளியே கடற்கரை ஈரக்காற்று, உள்ளே ஏசி. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏசிக் காற்றில் காய்ந்து ஏறும். பின்னேரம் வேனில் வந்து இறங்கின மிருதங்கத்தை உடனே சுருதி சேர்த்தால் 6 மணிக்கு அது வேறொரு சுருதியில் நிற்கும். 3 மணிக்கே மேடையில் வைத்து, ஏசியையும் போடச் சொல்லி, 5.15க்குச் சேருங்கோ. மண்டபக்காரர் சனம் வரும்வரை ஏசி போடமாட்டோம் என்பார்கள். இதை வாடகை பேசும்போதே பேசி முடிக்கவேணும்.

கொட்டகலைத் தப்பு:
தோல்வாத்தியம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மலையகத்தில் காமன் கூத்துக்குத் தப்பை நெருப்பில் காய்ச்சித்தான் அடிப்போம். கொழும்பு மண்டபத்துக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். யாராவது உங்கள் கூத்தில் ஊர்வலக் கட்டத்துக்குத் தப்பு வேணும் என்று கேட்டால், தலைமுடி உலர்த்துகிற யந்திரத்தை முக்கால் அடி தூரத்தில் பிடித்து 3, 4 நிமிசம் காய வையுங்க. கிட்டப் பிடித்தால் தோல் ஓரத்தில் வெடிக்கும். மண்டபத்துக்குள்ளே தப்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம், பாட்டை முழுங்கிரும்.

பலகைத்தச்சன்:
கழு பற்றி. முதலில் உயரம். ஏறுகிறவர் 5 அடி 8 அங்குலம் என்றால் கையை உயர்த்தும்போது விரல் நுனி ஏறத்தாழ 7 அடி 3 அங்குலம். நிற்கும் தட்டை 6 அடியில் வைத்தால் கை 13 அடி 3 அங்குலத்தில். லைற் குழாய் 14 அடி, அதிலிருந்து லைற் கீழே ஒரு அடிக்கு மேல் தொங்கும். கை சுடும். தட்டை 4½ அடியில் வையுங்கோ. கம்பம் அவருக்குப் பின்னால் 9 அடிவரை போய் மேலே கூராகட்டும். கண்ணுக்கு உயரத்தைக் காட்டுவது கம்பம்தான், தட்டு இல்லை. கீழே நிற்கிற மற்றப் பாகக்காரர் எல்லோரும் அந்த நேரம் இருந்துவிட்டால் 4½ அடி 8 அடியாகத் தெரியும். லைற்றை முன்கீழே இருந்து மேல்நோக்கி அடித்தால் பின்சீலையில் நிழல் கூடுதலாக ஏறும்.
கட்டுமானம்: 2 அங்குல ஜி.ஐ. குழாய், அடியில் 4 அடிக்கு 4 அடி இரும்புச் சட்டம், மேலே 18 மில்லிமீற்றர் பிளைவூட். மண்டப மேடையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், ஆகவே பாரம்தான் பிடிப்பு. 25 கிலோ மணல் மூட்டை 8. மூட்டையை நாலு மூலைக்கும் இரண்டிரண்டாகப் பிரியுங்கோ. எல்லாத்தையும் பின்னுக்குப் போட்டால் அவர் முன்னுக்குச் சாயும்போது கழுவும் சாயும். படி 10 அங்குலத்துக்கு ஒன்று. தட்டு 14 அங்குலத்துக்கு 12, மேலே றபர் ஒட்டவேணும். வியர்த்த காலும் வார்னிஷ் பலகையும் ஒத்துவராது.
பாதுகாப்பு வார் கட்டாயம். கட்டிட வேலைக்காரர் போடுகிற முழு உடல் வாரை உடுப்புக்கு உள்ளே போட்டு, முதுகுப் பக்கத்தில் சின்னத் துளை வைத்து, கம்பத்தில் பற்றவைத்த வளையத்தில் கொக்கியை மாட்டவேணும். மாட்டுகிறவர் கழுவுக்குப் பின்னால் கறுப்பு உடுப்போடு நிற்கட்டும். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. கொக்கி விழுந்த பிறகு அவர் கம்பத்தில் இரண்டு தரம் தட்ட, அதுக்குப் பிறகுதான் கையை விட்டுப் பாடவேணும்.
பெயின்ற் இரண்டு நாள் முந்தியே அடித்து முடியுங்கோ. அதே நாளில் அடித்தால் பட்டுடுப்பு முழுக்க மரக்கலர்.

வெள்ளவத்தைத் தம்பி:
அண்ணை, சறுக்குமரம் மாதிரி உண்மையான கமுக மரத்தையே வைத்தால்?

பலகைத்தச்சன்:
மேடையில் குழி வெட்ட ஏலாது தம்பி. குழி இல்லாமல் மரத்தை நிறுத்த நாலு பக்கமும் கயிறு இழுக்கவேணும், அந்தக் கயிற்றில் ஆடுகிறவர்களின் கால் சிக்கும். குழாயைச் சாக்காலும் கமுகம் பட்டையாலும் சுற்றினால் மூன்றாம் வரிசைக்கு அப்பால் வித்தியாசம் தெரியாது.

மாரியம்மன் வீதி:
கொப்பியில் சாதிப் பெயர் சொல்லி இழிக்கும் அடிகள் இருக்கின்றன. வண்ணார நல்லி கட்டத்திலும் உண்டு. அதை எப்படிக் கையாளப் போகிறீர்கள்? ஊரில் ஒரு காது கேட்டு மறு காதால் விடுவார்கள். கொழும்பில் காணொளி எடுத்து அன்றிரவே போட்டுவிடுவார்கள்.

சல்லாரி:
முக்கியமான கேள்வி. வெட்டுவது லேசு, எதை வெட்டுவது என்பதுதான் பாடு. இந்தக் கதையின் முதுகெலும்பே சாதி. ஒடுக்கப்பட்டவன் ஒருவன் ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணை விரும்புகிறான், அதுக்குத் தண்டனை கழு. நா. வானமாமலை தமிழ்நாட்டுக் கதைப்பாடல்களை ஆராய்ந்தபோது, சாதி மீறின காதலர்களின் பிறப்பைப் பின்னாளில் உயர்த்தி எழுதுகிற ஒட்டு வேலையைச் சுட்டிக்காட்டினார். காத்தானைத் தெய்வப் பிள்ளையாக்குவதும் அந்த வகைதான். ஆகவே சாதி வருகிற எல்லா இடத்தையும் துடைத்தால் கழு எதுக்கு என்பதே சபைக்கு விளங்காது.
என் பிரிப்பு: அதிகாரத்தில் இருப்பவன் காத்தானைப் பார்த்து இழித்துச் சொல்வது இருக்கட்டும். அது குற்றவாளி யார் என்று காட்டுகிறது. சிரிப்புக்காக நல்லியின் தொழிலையோ பிறப்பையோ பகிடி பண்ணுகிற அடி போகட்டும். அந்த இடத்தில் சபை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேட்டால் முடிவு தானாக வரும். நல்லியை முழுதாக எடுத்துவிடவும் வேண்டாம், அவவின் வாய்க்கு வாய் பதில் நல்ல சிந்து. பகிடியின் முனையைக் காத்தான் பக்கம் திருப்பினால் பாட்டு அப்படியே நிற்கும். மாற்றின அடியில் எதுகையும் மாத்திரையும் பிசகாமல் இருக்கவேணும். சொல்லை மாற்றித் தாளத்தை உடைத்தால் பாடுகிறவர் மேடையில் பழையதுக்கே திரும்பிவிடுவார், வாய்ப்பழக்கம் அப்படி.

மட்டுநகர் மத்தளம்:
இதோடு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. மாற்றின அடிகளை ஒரே கொப்பியில் எழுதி, எல்லோருக்கும் அதிலிருந்தே சட்டம் (அவரவர் பாகத்துப் பாட்டுப் பிரதி) கொடுங்க. பழைய பிரதி ஒருவர் கையில் இருந்தாலும் ஒத்திகை முழுக்க இரண்டு பாடம் ஓடும்.

ஓடியோ பெட்டி:
மைக் பற்றி யாரும் சொல்லவில்லை. 16 பேருக்கும் தலையில் மாட்டுகிற மைக் வாடகைக்கு எடுக்க வேண்டாம், காசும் போகும், கலக்கவும் ஏலாது. பாடுகிற முதன்மைப் பாகங்களுக்கு 6. மூன்று காத்தானும் ஒரே நேரம் மேடையில் இல்லை என்பதால் ஒரு மைக்கை மாற்றிக் கொடுக்கலாம் என்று தோன்றும். மாற்றாதீர்கள். வியர்வையில் நனைந்த மைக்கைத் துடைத்து மாட்ட 2 நிமிசம், அவசரத்தில் வயர் முறியும்.
மைக்கைக் கிரீடத்துக்குள் ஒளிக்க வேண்டாம். கிரீடம் அசைய ஒவ்வொரு அடிக்கும் கரகர சத்தம். கன்னத்தோடு மருந்துக்கடை ரேப்பால் ஒட்டி, வாய்க் கோணத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்துங்கோ. ஒப்பனைக்கு முதல் ஒட்டவேணும். பவுடருக்கு மேல் ரேப் பிடிக்காது.
சதங்கைச் சத்தத்துக்கு மேடை விளிம்பில் தரைமைக் இரண்டு வைத்தால் கேட்கும், ஆனால் பலகை மேடையில் குதிக்கிற அதிர்வும் சேர்ந்து வரும். மைக்குக்குக் கீழே அரை அங்குலப் பஞ்சு வைத்து, 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கோ. ஆர்மோனியத்துக்குப் பின்பக்கம் ஓர் அடி தூரத்தில் ஒரு மைக். பெட்டிக்குள் செருகினால் துருத்திக் காற்றும் கேட்கும்.
எல்லாத்தையும் விட முக்கியம் மேடைக்குள் கேட்கிற ஸ்பீக்கர். ஆடுகிறவருக்கு ஆர்மோனியமும் தாளமும் மட்டும் அதில் வரட்டும், அவரின் சொந்தக் குரல் வேண்டாம். குரலும் வந்தால் ஊளை.

எழுத்தோட்டம்:
சபையில் சிங்கள நண்பர்களும், தமிழ் பேசத் தெரிந்தும் சிந்துச் சொல் விளங்காத பிள்ளைகளும் இருப்பார்கள். திரைக்கு மேலே எழுத்துப் போடுவது பற்றி யோசித்தீர்களா? இரண்டு வரி, வரிக்கு 35 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. சிங்களத்தில் பாட்டைப் பாட்டாக மொழிபெயர்க்கப் போகாதீர்கள், ஓரடிக்குக் கருத்து ஒரு வசனம். பிற்பாட்டு திருப்பும்போது திரை வெறுமையாக இருக்கவேணும். அதே எழுத்துத் திரும்ப வந்தால் சனம் பிழை நடந்துவிட்டது என்று நினைக்கும். டாப்பர் மாமாவின் கட்டத்துக்கு எழுத்தே போடவேண்டாம். பகிடி வாயில் வர முதல் திரையில் வந்துவிட்டால் மாமாவின் பிழைப்பில் மண்.
கணினியில் இருப்பவர் பாட்டுத் தெரிந்தவராக இருக்கவேணும். ஒத்திகைக்கு வராத ஒருவரை அன்றைக்குப் பிடித்து இருத்தினால், ஒரு பாட்டு விடுபட்டாலே கடைசிவரை எழுத்து ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்.

வெள்ளவத்தைத் தம்பி:
ஒத்திகைக்கு எத்தனை நாள் வேணும்? எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும்தான்.

மட்டுநகர் மத்தளம்:
எங்கட பக்கத்து ஒழுங்கு: சட்டம் கொடுத்தல், சட்டம் படித்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், பிறகு அரங்கேற்றம். சனி ஞாயிறு என்றால் 12 கிழமை (வாரம்) எடுங்க. முதல் 4 கிழமை இருந்து பாடுவது மட்டும், ஒருவரும் எழும்பக் கூடாது. பாட்டு வாயில் ஊற முதல் கால் ஆடினால் தாளம் காலைப் பின்பற்றும், பாட்டைப் பின்பற்றாது. பிறகு 5 கிழமை ஆட்டத்தோடு. பத்தாம் கிழமை சதங்கை. சதங்கை கட்டின முதல் நாள் எல்லோரும் பிழை விடுவார்கள், தங்கட சத்தத்தையே கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அது ஒரு நாளில் போய்விடும்.

சல்லாரி:
யாழ்ப்பாணத்தில் வெள்ளுடுப்பு என்று ஒன்று உண்டு, வேட உடுப்புக்கு முதல் வெள்ளை வேட்டியோடு முழுக் கூத்தையும் நிறுத்தாமல் ஓடுவது. பதினோராம் கிழமைக்கு அதை வையுங்கோ, ஒருவர் கையில் நேரக் கருவியோடு. 35 பாட்டும் எந்த நிமிசத்தில் தொடங்குகிறது என்று எழுதி மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கோ. அன்றைக்கு 8 நிமிசம் பிந்தினால், பிந்துவது எங்கே என்று அந்தத் தாள் சொல்லும்.
வெள்ளுடுப்பில் 2 மணி 10 நிமிசம் வந்தால் அரங்கேற்றத்தில் 2 மணி 20 வரும். ஆகவே வெள்ளுடுப்பில் 1 மணி 50க்கு மேல் போகவிட வேண்டாம்.

பலகைத்தச்சன்:
காகித வேலை: நாடகப் பிரதியை அரச தணிக்கைச் சபைக்கு முன்கூட்டியே கொடுத்து அனுமதி எடுக்கவேணும். மாற்றின அடிகள் உள்ள கடைசிப் பிரதியையே கொடுங்கோ. ரிக்கற் விற்கிறீர்கள் என்றால் மாநகர சபையின் களியாட்ட வரியையும், ரிக்கற்றில் முத்திரை வைப்பதையும் அச்சடிக்க முதலே விசாரியுங்கோ. கற்பூரம், சாம்பிராணி, புகை யந்திரம் மூன்றுக்கும் மண்டபத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கோ. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடித்தால் 600 பேர் வெளியே ஓடுவார்கள். தீபத்துக்கு பற்றரி விளக்கே போதும்.

வெள்ளவத்தைத் தம்பி:
கடைசிச் சந்தேகம். கழுவில் பாடி முடிந்து மங்களத்துக்கு எல்லோரும் முன்னுக்கு வரவேணும். காத்தான் மேலே நிற்கிறார். திரையை மூடி இறக்கினால் சனம் எழும்பிவிடும்.

பலகைத்தச்சன்:
மூடாதீர்கள். கொக்கி கழற்ற 10 விநாடி, இறங்க 15 விநாடி. அந்த 25 விநாடிக்குக் கழுவின் லைற்றைப் பாதியாக்கி, முத்துமாரியை முன் இடது மூலையில் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கோ.

ஐந்துகட்டை:
அவ ஒரு விருத்தம் பாடட்டும், தாளம் இல்லாமல். தாளம் இருந்தால் இறங்குகிறவர் அதுக்குக் கால் வைப்பார், படி தவறும். விருத்தம் 25 விநாடியும் ஆகலாம், 40உம் ஆகலாம். அவவின் கண் கழுவில் இருக்கவேணும், கடைசிச் சொல்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பா. காத்தானின் இரண்டாம் கால் பலகையில் பட்டு சதங்கை கேட்டவுடன் மிருதங்கம் மங்களத்தை எடுக்கட்டும்.